9 வோல்ட்டுக்குப் பசை பிடியை விடுவது எப்படி? பழைய போனில் அது ஏன் நடக்காது?

யாங்கோனில் போன் ரிப்பேர் பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “ஐபோன் 16-இல் சாதாரண 9 வோல்ட் பேட்டரியை இரண்டு ஒயரில் கொடுத்தால் உள்ளே ஒட்டியிருக்கும் பேட்டரி தானாகப் பெயர்ந்து வருகிறது. பாதி நாள் கரண்ட் இல்லாத ஊரில் ஹீட் கன்னை நம்ப முடியவில்லை. இதையே ஐபோன் 11, 12-இலும் செய்யலாமா? அந்தப் போன்களில் இழுக்கிற பட்டை பாதியில் அறுந்துபோவது எதனால்? வீட்டுச் சுவரில் ஒட்டிய கொக்கி மழைக்காலம் வந்ததும் விழுகிறதே, அதுவும் இதே கதைதானா?”

முதல் கேள்விக்கு நேரான பதில்: நடக்காது தம்பி. ஐபோன் 11-இன் பசைக்கு வோல்ட் கொடுத்தால் பசை அசையாது. கிளிப் தவறான இடத்தில் பட்டால் போர்டுதான் போகும்.

காரணம் பசையின் பலத்தில் இல்லை. கழற்றக்கூடிய பசை என்றாலே கொஞ்சம் மட்டமான பசை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒட்டும் வேலையை முழுதாகச் செய்யும். கழற்றும் வழியும் செய்முறையிலேயே சேர்ந்து வந்திருக்கும். ஒன்று இழுத்தால் விடும், ஒன்று சூட்டுக்கு விடும், ஒன்று ஸ்பிரிட்டுக்கு விடும், இந்தப் புதியது மின்சாரத்துக்கு விடும். நம் கடைகளில் பேட்டரி கிழிவதில் பெரும்பங்கு, ஒன்றுக்கு உரிய வழியை இன்னொன்றில் காட்டுவதால்தான்.

மின்சாரத்துக்கு விடும் பசை ஐபோனுக்காகக் கண்டுபிடித்தது இல்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸைச் சேர்ந்த ஈ.ஐ.சி. லேபரட்டரீஸ் என்ற நிறுவனம் 2000-களின் தொடக்கத்திலேயே அலுமினியத்தை ஒட்டிப் பிடித்து, வோல்ட் கொடுத்தால் விடுகிற ஒரு எபாக்சிப் பசைக்குக் காப்புரிமை வாங்கிவிட்டது. இருபது வருஷம் அது பெரிதாக யார் கண்ணிலும் படவில்லை. இப்போது திடீரென்று மவுசு வந்ததற்கு ஐரோப்பியச் சட்டமும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. 2023/1542 என்ற எண்ணுள்ள பேட்டரி விதிப்படி, 2027 பிப்ரவரி 18 முதல் கையடக்கச் சாதனங்களின் பேட்டரியை வாடிக்கையாளரே கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். அதற்குச் சூடோ கரைப்பானோ தேவைப்படக் கூடாது என்பதும் அந்த விதியில் இருக்கிறது. விலக்குகள் உண்டு என்றாலும், சூடும் கரைப்பானும் போனால் மிச்சம் இழுப்பும் மின்சாரமும்தான்.

இனி உள்ளே நடப்பது. சாதாரணப் பசை மின்சாரம் கடத்தாது. இந்தப் பசைக்குள் அயனிகள் (மின்னேற்றம் உள்ள அணுக்கள், மூலக்கூறுகள்) நகரும்படி உப்புத்தன்மையுள்ள ஒரு பொருளைக் கலந்திருப்பார்கள். அறை வெப்பத்திலேயே திரவமாக இருக்கும் உப்புகள் உண்டு, அயனித் திரவம் என்பார்கள். அந்த வகை இதற்குத் தோது. பசையின் இருபக்கமும் உலோகம் இருக்க வேண்டும். ஒயர் கொடுத்ததும் அந்த இரண்டு உலோக முகங்களும் மின்முனைகள் ஆகிவிடும், நடுவில் பசை மின்பகுபொருள் ஆகிவிடும். அதாவது ஒட்டியிருக்கும் இடமே ஒரு சின்ன மின்கலம். நேர் அயனிகள் எதிர்முனைப் பக்கமும் எதிர் அயனிகள் நேர்முனைப் பக்கமும் போய்க் குவியும். அலுமினியம் நேர்முனையாக இருந்தால் அதன் மேற்பரப்பு ஆக்சிஜனேற்றம் அடையும். எதிர்முனையில் ஒடுக்க வினை நடக்கும், ஈரம் கொஞ்சம் இருந்தால் ஹைட்ரஜன் வாயுவும் வரலாம். எந்த வினை முந்துகிறது என்பது கலவையைப் பொறுத்தது. ஆனால் எல்லாவற்றிலும் விடுவது பசையும் உலோகமும் தொடும் அந்த ஒரு முகம் மட்டுமே. பசையின் உடம்புக்கு ஒன்றும் ஆவதில்லை.

அந்த முகம் எவ்வளவு மெல்லியது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சராசரியாக 1 மில்லி ஆம்பியர் 90 வினாடி ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 0.09 கூலும். ஒரு மோல் எலெக்ட்ரானுக்கு 96,485 கூலும், ஒரு அலுமினிய அணு விடுவது மூன்று எலெக்ட்ரான். வகுத்துப் பார்த்தால் சுமார் 8 மைக்ரோகிராம் அலுமினியம்தான் வினைப்படும். அதை 30 சதுர செ.மீ. பரப்பில் பரப்பினால் தடிமன் ஒரு நானோமீட்டர். பத்து மில்லி ஆம்பியர் ஓடினாலும் பத்து நானோமீட்டர். ஒட்டுதல் என்பதே அவ்வளவு மெல்லிய இடத்தில் நடக்கும் காரியம் என்பதால் அதைக் கலைக்கச் சின்ன 9 வோல்ட் பேட்டரி போதுகிறது.

ஐபோன் 11-க்கு வாருங்கள். அங்கே இருப்பது ரப்பர் வகைப் பட்டை, உள்ளே நகர அயனி இல்லை. பேட்டரியின் பை அலுமினியத் தகடுதான், ஆனால் அதன் வெளிப்பக்கம் நைலான் பூச்சு. மின்சாரம் போக வழி இல்லை. மூன்று நிபந்தனையில் (அயனி ஓடும் பசை, இருபக்க உலோகம், ஒயர் கொடுக்க இடம்) ஒன்றுகூடப் பொருந்தவில்லை. ஆகவே ஐபோன் 16, 16 பிளஸ், 16e போன்று அதற்கென்றே செய்த மாடல்களில் மட்டும் இதைச் செய்யுங்கள். 16 என்று பெயர் இருந்தாலே போதாது, 16 புரோவில் இழுக்கும் பட்டைதான்.

16-இல் செய்யும்போது கவனிக்க வேண்டியவை. போனை அணைத்து, பின்கண்ணாடியைத் திறந்து, பேட்டரி கனெக்டரை முதலில் கழற்றுங்கள். பின்கண்ணாடியைச் சுற்றியுள்ள பசைக்கு இன்னும் சூடுதான் வழி, அதனால் கரண்ட் பிரச்சினை முழுதாகத் தீரவில்லை. துணியில் சுற்றிய வெந்நீர்ப் பை ஐந்து பத்து நிமிஷம் வைத்தால் அந்த ஓரப்பசை இளகும். பிறகு ஒரு கிளிப் பேட்டரி ஓரத்தில் அதற்கென்று தெரியும் சிறு உலோக நாக்கில், இன்னொன்று போனின் உலோகச் சட்டத்தில். எந்த முனைக்கு பிளஸ் என்பது அந்த மாடலின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். மாற்றிக் கொடுத்தாலும் பசை விடும், ஆனால் எதிர்ப்பக்கத்தில் விடும்: பேட்டரி கையோடு வரும், பசை முழுக்கச் சட்டத்தில் படிந்து கிடக்கும், அதைச் சுரண்டி எடுக்க அரைமணி போகும். எந்தக் காரணத்துக்கும் பேட்டரி கனெக்டரின் பின்களில் கிளிப்பைப் போடாதீர்கள். அது 9 வோல்ட்டை நேராக லித்தியம் செல்லின் பாதுகாப்புச் சர்க்யூட்டுக்குள் ஏற்றும் வேலை.

9 வோல்ட்டில் சுமார் ஒன்றரை நிமிஷம். வோல்ட் கூடினால் நேரம் குறையும், 20 வோல்ட்டில் சில வினாடிகளில் விடுவதாகப் பிரித்துப் பார்த்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். மேஜை பவர் சப்ளை இருந்தாலும் 9-ஓடு நிற்பது நல்லது. வாடிக்கையாளர் போனில் எண்பது வினாடி மிச்சம் பிடித்து என்ன கண்டோம்? இன்வெர்ட்டரின் 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுப்பதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். கிளிப் நழுவித் தொட்டால் அது நூறு ஆம்பியருக்கு மேல் கொட்டும், ஒயரே பழுக்கும். சின்ன 9 வோல்ட் பேட்டரியின் பெரிய குணமே அதற்கு அந்தத் தெம்பு இல்லை என்பதுதான்.

ஒன்றரை நிமிஷம் ஆகியும் விடவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த 9 வோல்ட்டை. தெருவோரத்தில் கிடைக்கும் மலிவான பேட்டரி மீட்டரில் 9 காட்டும், வேலை கொடுத்தால் 5-க்கு இறங்கும். இரு முனைக்கும் குறுக்கே 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்து அளந்து பாருங்கள். 7.5-க்குக் கீழே போனால் தூக்கிப் போடுங்கள். அடுத்த சந்தேகம் கிளிப் பிடிக்கும் இடம்: சட்டத்தில் பூச்சு உள்ள இடத்தில் பிடித்தால் மின்சாரம் போகாது, திருகு இருக்கும் வெறும் உலோகத்தில் பிடிக்க வேண்டும். ஏசி அறையின் குளிரில் அயனிகள் மெதுவாக நகரும், இன்னும் அரை நிமிஷம் விட்டுப் பிடியுங்கள். ஒரு மூலை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றால் நெம்பாதீர்கள், மறுபடி வோல்ட் கொடுங்கள். விட்ட பசையை மறுபடி உபயோகிக்கக் கூடாது. புதுப் பேட்டரி அதன் பசையோடு வரும்.

இழுபட்டைக்கு, அதாவது பேட்டரியின் அடியில் ஒட்டியிருந்து வாலைப் பிடித்து இழுத்தால் நீண்டு விடுபடும் ரப்பர் பட்டைக்கு, வருவோம். உங்கள் கடைக்கு வரும் போன்களில் இன்னும் பல வருஷம் இதுதான் அதிகம் இருக்கும், அதனால் இதில் கை பழகுவதுதான் பிழைப்பு. ஐபோன் 5எஸ் வந்த 2013 முதல் ஆப்பிள் இதைப் பேட்டரிக்கு வைக்கிறது. ஜெர்மனியின் டேசா பவர்ஸ்ட்ரிப்ஸ், அமெரிக்காவின் 3எம் நிறுவனம் விற்கும் கமாண்ட் சுவர்க் கொக்கியின் பட்டை எல்லாம் இதே குடும்பம்.

ரப்பரை இழுத்தால் நீளம் கூடும், கன அளவு மாறாது. ஆகவே அகலமும் தடிமனும் சுருங்கியாக வேண்டும். 0.2 மி.மீ. பட்டை ஆறு மடங்கு நீண்டால் தடிமன் 0.08 மி.மீ.-க்கு வந்துவிடும். சுருங்கும் இடத்தில் பசை முகம் வழுக்கி விடுபடும், அந்த விடுபடும் கோடு இழுக்க இழுக்க உள்ளே நகர்ந்துகொண்டே போகும். பேட்டரியை மேலே தூக்கும் விசை ஏறக்குறைய பூஜ்யம். அதனால்தான் பேட்டரி வளையாமல் வருகிறது. ஆனால் இதற்கு ஒரே நிபந்தனை: இழுப்பு பட்டை கிடக்கும் தளத்திலேயே இருக்க வேண்டும்.

அறுவது அந்த நிபந்தனை மீறும்போது. வாலைப் பிடித்து மேல்நோக்கி இழுத்தால் பட்டை பேட்டரியின் ஓரத்தில் உராய்கிறது. மெலிந்து நிற்கும் ரப்பருக்கு அந்த ஓரமே கத்தி. போனைத் தட்டையாக வைத்து, கையை மேஜையோடு மேஜையாக, முடிந்தால் மேஜை விளிம்புக்கும் கீழே இறக்கி இழுங்கள். விரலால் இழுத்தால் வழுக்கும், மறுபடி பிடிக்கும்போது வெட்டி இழுப்பீர்கள். அதற்குப் பதில் உருண்டையான ஒரு குச்சியில் வாலைச் சுற்றிச் சுற்றிக்கொண்டே போகலாம், கறித்துண்டு கோத்துச் சுடும் சாட்டே குச்சி கூடப் போதும். ஒரு பட்டைக்கு அரை நிமிஷமாவது எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பரின் மூலக்கூறுகள் நகர நேரம் கேட்கும், வேகமாக இழுத்தால் நீளாமல் முறியும். ட்வீசர் முனையால் வாலில் ஒரு சிறு கீறல் விழுந்தாலும் அங்கேதான் அறும். நான்கு பட்டை இருந்தால் நடுவில் இருப்பவற்றை முதலில் எடுங்கள், ஓரத்தில் இருப்பவை அதுவரை பேட்டரியைப் பிடித்திருக்கும்.

இத்தனையும் சரியாகச் செய்து அறுந்தால் அது பட்டையின் வயசு. நாலைந்து வருஷம் சார்ஜ் சூட்டில் வெந்த ரப்பர் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகிவிடும். பேட்டரி கொஞ்சம் உப்பியிருந்தால் பட்டை நசுங்கி இருக்கும், அப்போதும் நீளாது. உப்பிய பேட்டரியில் இழுப்பு, நெம்பு இரண்டும் வேண்டாம், ஸ்பிரிட்தான்.

அதாவது 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். ஊசி இல்லாத சிரிஞ்சில் அரை மில்லி எடுத்து, பட்டை அறுந்த ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டு, அந்தப் பக்கத்தைச் சற்று உயர்த்தி மூன்று நிமிஷம் வையுங்கள். இது ரப்பரைக் கரைக்காது. பசைக்கும் உலோகத்துக்கும் நடுவில் புகுந்து பிடியைத் தளர்த்தும், அவ்வளவுதான். பிறகு பல் இடுக்கில் விடும் நைலான் நூலை அடியில் நுழைத்து, இடம் வலமாக அறுத்துக்கொண்டே வாருங்கள். பிளாஸ்டிக் கார்டு செருகலாம். நெம்புவதற்கான இரும்பு ஸ்பட்ஜர் கூடாது. பேட்டரியின் சார்ஜ் 25 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், துளை விழுந்தாலும் தீயின் வீரியம் குறையும். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். புகை வந்தால் மூச்சில் ஏற்ற வேண்டாம், அதில் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு இருக்கும்.

மருந்துக்கடை 70 சதவீத ஸ்பிரிட் மலிவு என்று அதை விடாதீர்கள். ஆல்கஹால் பறந்துபோகும், மிச்ச 30 சதவீதம் தண்ணீர் போர்டின் அடியில் தங்கும். கனெக்டரை மாட்டியதும் அங்கே நாலு வோல்ட். பிளஸ் பக்கச் செம்பு கரைந்து மைனஸ் பக்கம் போய் முள்முள்ளாகப் படியும். பசை முகத்தில் நாம் வேண்டுமென்றே நடத்துகிற அதே மின்வேதியியல்தான், இங்கே யாரும் கேட்காமல் நடக்கிறது. சித்திரையில் வரும் தண்ணீர்த் திருவிழாவான தின்ஜான் முடிந்த வாரம் வரும் போன்களைத் திறந்தால் சார்ஜிங் போர்ட் அருகில் பச்சை பூத்திருக்குமே, அது இந்தச் செம்பின் உப்பு. அரிசியில் புதைத்து வைப்பதால் அந்த வினை நிற்காது, பேட்டரி கனெக்டரைக் கழற்றினால்தான் நிற்கும். திறந்த போனுக்கு ஓரப்பசையைப் புதிதாகப் போடாமல் கொடுத்தால் அடுத்த சித்திரைக்கு அதே போன் அதே மேஜைக்கு வரும். அசிட்டோன், தின்னர் இரண்டும் போனுக்குள் வரவே வேண்டாம், பிளாஸ்டிக் வெளுத்து இளகும்.

புதுப் பட்டை ஒட்டுவதில் ஒரு விஷயம். இந்தப் பசைகள் காய்ந்து இறுகுபவை அல்ல, அழுத்தத்தில் பரவிப் பிடிப்பவை. மேற்பரப்பில் தூள் இருந்தால் பசை தூளைத்தான் பிடிக்கும். நம் ஊரில் அந்தத் தூள் பெரும்பாலும் தனக்கா, முகத்தில் பூசும் மரப்பட்டைக் குழம்பு காய்ந்தது. கன்னத்தில் பூசியது காதுப்பக்கத்து இடுக்கு வழியாக ஓரம் முழுக்கப் படிந்திருக்கும், பழைய பசையோடு குழைந்து மங்கலான மஞ்சள் விளிம்பாகத் தெரியும். அதை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்த பிறகுதான் ஸ்பிரிட் போட்டுத் துடைக்க வேண்டும். முதலிலேயே ஸ்பிரிட் போட்டால் தூள் சேறாகி மூலைக்குள் போகும். துடைத்து, உலர்த்தி, ஒட்டி, அரை நிமிஷம் பரவலாக அழுத்துங்கள். முழுப் பிடி வர ஒரு நாள் ஆகும். வால் மடங்காமல் வெளியே தெரிகிறதா என்று பார்த்து மூடுங்கள். அடுத்து அதைத் திறக்கப் போவதும் அநேகமாக நீங்கள்தான்.

சுவர்க் கொக்கி. இதில் பசையைத் திட்டுவது பெரும்பாலும் அநியாயம். விழுந்த கொக்கியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளையாக மாவு ஒட்டியிருந்தால் பசை தன் வேலையைச் செய்திருக்கிறது, சுண்ணாம்புதான் சுவரை விட்டு வந்திருக்கிறது. பழைய ரங்கூன் கட்டடங்களில் வைகாசி முதல் ஐப்பசி வரை சுவர் உள்ளிருந்தே ஈரம் கசியும். அந்த ஈரம் பூச்சைப் பின்பக்கத்திலிருந்து தள்ளும். அதற்கு எந்தப் பட்டையாலும் பதில் சொல்ல முடியாது.

பின்பக்கம் பளபளவென்று சுத்தமாக இருந்தால் ஒட்டிய முறையில் கோளாறு. கமாண்ட் பட்டைக்கு 3எம் சொல்லும் முறை: சுவரை ஆல்கஹாலால் துடை, 30 வினாடி அழுத்து, ஒரு மணி நேரம் கழித்து மாட்டு, புதுப் பெயின்ட் என்றால் ஏழு நாள் பொறு. தண்ணீரும் சோப்பும் போட்டுத் துடைத்தால் சோப்புப் படலம் நின்று பிடியைக் கெடுக்கும். நம் ஆட்கள் ஒட்டிய அடுத்த நொடி பையை மாட்டிவிடுகிறார்கள். இந்த வகைப் பசை பாரத்துக்கு உடனே விழாது, நாளுக்கு இம்மியளவு ஊர்ந்து ஒரு நாள் இரவு இறங்கும். சூடு கூடினால் ஊர்வதும் கூடும், அதன் எல்லை சுமார் 40 டிகிரி. தகரக் கூரை வீட்டில் சித்திரை மத்தியானத்தில் சுவர் அதைத் தொட்டுவிடும். கழற்றும்போது போனில் சொன்னதேதான்: சுவரோடு ஒட்டினாற்போல நேராகக் கீழே, மெதுவாக. தன்பக்கம் இழுத்தால் பெயின்ட்டும் சேர்ந்து வரும்.

மஞ்சள் ஒட்டுச் சீட்டு (போஸ்ட்-இட்) இந்தக் கணக்கில் சேராது. 3எம்-இல் ஸ்பென்சர் சில்வர் 1968-இல் கண்டது பசைப் படலம் இல்லை, ஒட்டும் தன்மையுள்ள நுண்ணிய அக்ரிலிக் உருண்டைகள். உருண்டை என்பதால் தாளைத் தொடுவது அங்கங்கே புள்ளிகளில் மட்டும், எனவே உரித்தால் வந்துவிடும். 1974-இல் ஆர்ட் ஃப்ரை அதைப் பாட்டுப் புத்தகத்தில் அடையாளச் சீட்டாக்க நினைத்தார், கடைக்குப் பரவலாக வந்தது 1980-இல். தோற்றுப்போன பசை என்று கதை சொல்வார்கள், எனக்கு அது ஒப்பவில்லை. தொடும் பரப்பைக் குறைத்துப் பிடியை அளவாக வைப்பதும் ஒரு திறமைதான். அதன்மேல் பாரம் தொங்கவிட மட்டும் முடியாது.

கண்ணாடி போட்ட முருகன் படம், சுவர்க்கடிகாரம், தலைமாட்டுக்கு மேலே வரும் எதுவானாலும் சுண்ணாம்புச் சுவரில் ஆணிதான். கொக்கி வேண்டுமென்றால் டைல்ஸ், கண்ணாடி, பளபளப்பான ஆயில் பெயின்ட் அடித்த தேக்குக் கதவு ஆகியவற்றில் ஒட்டுங்கள்.